தாத்தாவிடமிருந்து பேரனுக்கு, மகள் வழியாக: பால் குரோமோசோம்கள் பண்புகளைக் கடத்தும் விதம்

தவழத் தொடங்கிய ஆண் குழந்தையின் முழங்காலிலும் நெற்றியிலும் நீலத் தழும்புகள் தென்படுகின்றன. சிறு கீறலிலும் ரத்தம் நிற்க நேரமாகிறது. பரிசோதனையில் ஹீமோஃபிலியா, அதாவது ரத்தம் உறையாமை நோய் என்று தெரியவருகிறது. பெற்றோர் முதலில் கேட்பது இதைத்தான்: "எங்கள் இரண்டு குடும்பத்திலும் யாருக்கும் இல்லையே, எங்கிருந்து வந்தது?" மருத்துவர், "தாய் வழியாக வந்திருக்க வாய்ப்பு உண்டு" என்கிறார். மருத்துவமனையில் அது வெறும் தகவல். வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் அது அந்தத் தாயின் மீது குற்றச்சாட்டாக மாறிவிடுகிறது.

அந்தக் குற்றச்சாட்டில் அறிவியலும் இல்லை, நியாயமும் இல்லை. ஏன் இல்லை என்பதைப் புரிந்துகொள்ளக் கடினமான உயிரியல் எதுவும் தேவைப்படாது. ஒரே ஒரு விதியும், அதிலிருந்து கிளைக்கும் சில கணக்குகளும் போதும்.

அடிப்படை: ஒரு ஜோடி மட்டும் வேறு மாதிரி

நம் உடல் செல்களில் 46 குரோமோசோம்கள் உள்ளன. குரோமோசோம் என்பது மரபணுக்களைத் தாங்கி நிற்கும் நீண்ட டி.என்.ஏ. இழை. 46உம் 23 ஜோடிகளாக அமைந்திருக்கின்றன. ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று தாயிடமிருந்தும் மற்றொன்று தந்தையிடமிருந்தும் வந்தது. முதல் 22 ஜோடிகள் ஆணிலும் பெண்ணிலும் ஒரே மாதிரி இருக்கும். இவை உடற்குரோமோசோம்கள்.

23ஆவது ஜோடிதான் பால் குரோமோசோம்கள். பொதுவாகப் பெண்ணுக்கு இரண்டு எக்ஸ். ஆணுக்கு ஒரு எக்ஸ், ஒரு ஒய். அளவில் இவை இரண்டும் ஒப்பிடவே முடியாதவை. எக்ஸ் குரோமோசோமில் ஏறத்தாழ 15.5 கோடி டி.என்.ஏ. எழுத்துகளும், புரதம் தயாரிக்கும் மரபணுக்கள் 800க்கு மேலும் இருக்கின்றன. ரத்தம் உறைதல், நிறப் பார்வை, தசை உறுதி, மூளை வளர்ச்சி எனப் பாலினத்தோடு நேரடித் தொடர்பே இல்லாத வேலைகளைச் செய்பவை அவற்றில் ஏராளம். ஒய் குரோமோசோமோ ஏறத்தாழ 6 கோடி எழுத்துகள் கொண்டது. மரபணுக்களும் மிகக் குறைவு. திரும்பத் திரும்ப வரும் வரிசைகள் நிறைந்த அதை முழுமையாகப் படித்து முடிக்க 2023 வரை ஆயிற்று.

ஒவ்வொரு கருமுட்டையிலும் ஒரு எக்ஸ் இருக்கும். விந்தணுக்களில் பாதி எக்ஸையும் பாதி ஒய்யையும் சுமக்கின்றன. எது கருமுட்டையை அடைகிறதோ அதன்படி பெண்ணோ ஆணோ உருவாகிறது.

இனி இரண்டு சொற்கள். ஒரு மரபணுவின் மாறிய பிரதி ஒன்று இருந்தாலே பண்பு வெளிப்பட்டால் அது ஓங்கு பண்பு. நல்ல பிரதி ஒன்று உடனிருந்தால் மறைந்துகொள்ளும் பண்பு ஒடுங்கு பண்பு. உடற்குரோமோசோம்களில் எல்லோருக்கும் இரண்டு பிரதிகள் உண்டு என்பதால், ஒன்று பழுதானாலும் பெரும்பாலும் மற்றது ஈடுகட்டும். எக்ஸ் மீதுள்ள பெரும்பாலான மரபணுக்களுக்கு ஒய்யில் இணை இல்லை. ஆகவே ஆணிடம் எக்ஸ் மீதான பழுதை மூடி மறைக்க எதுவும் இல்லை. ஒற்றைப் பிரதியில் உள்ளது அப்படியே வெளிப்பட்டுவிடும். பெண்ணிடம் அதே பழுது, நல்ல பிரதியின் நிழலில் தங்கியிருக்கும். அப்படிப்பட்ட பெண்ணைப் பாடநூல்கள் 'கடத்தி' என்கின்றன. மருத்துவமனைகளில் 'கேரியர்' என்பார்கள். பேச்சில் நிலைத்துவிட்ட அந்த இரண்டாம் சொல்லையே இங்கே கையாள்கிறேன்.

ஒரே விதி, நான்கு விளைவுகள்

விதி இதுதான்: மகன் தன் எக்ஸைத் தாயிடமிருந்து மட்டுமே பெறுகிறான், மகள் தந்தையின் ஒரே எக்ஸைத் தவறாமல் பெறுகிறாள். எக்ஸ் சார்ந்த ஒடுங்கு பண்பு ஒவ்வொன்றும் இதற்குக் கட்டுப்பட்டது.

1. தாய் கேரியர், தந்தைக்குப் பாதிப்பு இல்லை: பிறக்கும் ஒவ்வொரு மகனுக்கும் பாதிப்பு வர 50 சதவீத வாய்ப்பு. ஒவ்வொரு மகளும் கேரியர் ஆக 50 சதவீத வாய்ப்பு.

2. தந்தைக்குப் பாதிப்பு, தாய் கேரியர் இல்லை: மகன்கள் யாருக்கும் பாதிப்பு வராது. மகள்கள் அனைவரும் கேரியர்கள். இங்கே வாய்ப்புக் கணக்கே இல்லை, இது உறுதி.

3. தந்தைக்குப் பாதிப்பு, தாயும் கேரியர்: மகன்களுக்கும் மகள்களுக்கும் பாதிப்பு வர 50 சதவீத வாய்ப்பு. பாதிப்பு வராத மகள் கேரியராக இருப்பாள்.

4. தாய்க்கே பாதிப்பு, அதாவது இரண்டு எக்ஸிலும் பழுது: எல்லா மகன்களுக்கும் பாதிப்பு உறுதி.

இரண்டாம் விளைவைத்தான் குடும்பங்கள் அதிகம் மறக்கின்றன. ஹீமோஃபிலியா உள்ள ஒருவருக்கு ஆரோக்கியமான மகன் பிறந்ததும் "நோய் நம்மோடு போயிற்று" என்று வீடே நிம்மதி அடைகிறது. கூடவே வளரும் மகளை யாரும் நினைப்பதில்லை. அவள் நிச்சயமாகக் கேரியர். பண்பு அவளிடம் ஒரு தலைமுறை ஒளிந்திருந்து பேரனிடம் தலைகாட்டலாம். தாத்தாவிடமிருந்து மகள் வழியாகப் பேரனுக்குப் போகும் இந்தப் போக்குக்குக் குறுக்கு மறுக்கு மரபு என்று பெயர்.

மூன்றாம் விளைவில் வரும் பாதிப்புள்ள மகன் பற்றியும் ஒரு வார்த்தை. அப்பாவுக்கும் மகனுக்கும் ஒரே நோய் என்றால், அது அப்பாவிடமிருந்து வந்தது என்றே எவரும் நினைப்பார்கள். உண்மையில் அந்த மகனின் பழுது தாயின் எக்ஸில் வந்தது. தந்தை அவனுக்குக் கொடுத்தது ஒய் மட்டுமே.

வெள்ளைக் கண் ஈ

1905இல் அமெரிக்க உயிரியலாளர் நெட்டி ஸ்டீவன்ஸ் மாவுப்புழு வண்டுகளின் செல்களை நுண்ணோக்கியில் எண்ணினார். பெண் வண்டில் 20 பெரிய குரோமோசோம்கள். ஆண் வண்டில் 19 பெரியவை, ஒன்று சிறியது. பாலினம் குரோமோசோமில் எழுதப்பட்டிருக்கிறது என்பதற்கு அது தெளிவான சான்று. அதே ஆண்டில் எட்மண்ட் வில்சனும் தனியே இதே முடிவை நெருங்கியிருந்தார்.

1910இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஹன்ட் மார்கன் வளர்த்த பழ ஈக்களிடையே வெள்ளைக் கண்ணோடு ஓர் ஆண் ஈ தோன்றியது. வழக்கமான நிறம் சிவப்பு. அதைச் சிவப்புக் கண் பெண் ஈக்களோடு சேர்த்தபோது முதல் தலைமுறையில் அநேகமாக எல்லாமே சிவப்புக் கண் ஈக்கள். அவற்றை ஒன்றோடொன்று சேர்த்தபோது அடுத்த தலைமுறையில் 2,459 பெண் ஈக்களும் 1,011 ஆண் ஈக்களும் சிவப்புக் கண்ணோடு பிறந்தன. வெள்ளைக் கண் ஈக்கள் 782. அவை அத்தனையும் ஆண்கள். தாத்தாவின் கண் நிறம் பேரன்களுக்கு மட்டும் திரும்பி வந்திருந்தது. மரபணு குரோமோசோமின் மேல் உட்கார்ந்திருக்கும் பருப்பொருள் என்பதை உலகம் ஏற்க வழிசெய்தவற்றில் இந்த எண்ணிக்கைக்கு முக்கிய இடம் உண்டு. மார்கனுக்கு 1933இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஓர் அரச குடும்பத்தின் வரைபடம்

மனிதர்களில் இதற்கு மிக விரிவாகப் பதிவான உதாரணம் விக்டோரியா அரசியின் குடும்பம். அவருக்கு 9 பிள்ளைகள். நான்கு மகன்களில் லியோபோல்ட் ஒருவருக்கு மட்டும் ஹீமோஃபிலியா. மகள்களில் ஆலிஸ், பியாட்ரிஸ் இருவரும் கேரியர்கள். ஆலிஸின் மகள் ரஷ்யப் பேரரசி ஆனார். அவருடைய மகன் அலெக்ஸி 1904இல் அந்த நோயோடு பிறந்தார். விக்டோரியாவுக்குப் பின் பிரிட்டனை ஆண்ட ஏழாம் எட்வர்டுக்குப் பாதிப்பில்லை. பாதிப்பில்லாத ஆணிடம் பழுதான எக்ஸ் ஒளிந்திருக்க முடியாது. ஆகவே அவருடைய கிளையில் நோய் அத்தோடு நின்றது.

என்னைக் கேட்டால், பலரும் சொல்லும் ரஷ்யக் கிளையைவிட லியோபோல்டின் கிளையே நல்ல பாடம். அவர் 1884இல் கீழே விழுந்து, தம் 30ஆவது வயதில் இறந்தார். அவருக்கு ஒரு மகள், ஒரு மகன். அவர் இறந்த பிறகு பிறந்த மகனுக்கு நோய் இல்லை, இருக்கவும் முடியாது. மகள் கேரியர். அந்த மகளின் மகன் ரூபர்ட் ஹீமோஃபிலியாவோடு பிறந்து, 1928இல் கார் விபத்தைத் தொடர்ந்து ஏற்பட்ட ரத்தக்கசிவால் இறந்தார். மேலே சொன்ன இரண்டாம் விளைவு எழுத்துக்கு எழுத்து நடந்திருக்கிறது.

1918இல் கொல்லப்பட்ட ரஷ்ய அரச குடும்பத்தின் எலும்புகளிலிருந்து எடுத்த டி.என்.ஏ.வை 2009இல் ஆராய்ந்தபோது, அந்த நோய் ஒன்பதாம் உறைகாரணியின் (ரத்தம் உறையத் தேவையான புரதங்களில் ஒன்று) குறைபாடு, அதாவது ஹீமோஃபிலியா பி வகை என்று தெரிந்தது. விக்டோரியாவுக்கு முந்தைய தலைமுறைகளில் இந்நோய்க்குத் தடயம் இல்லை. அவர் பிறந்தபோது அவருடைய தந்தைக்கு 51 வயது. தந்தையின் விந்தணுவில் புதிதாக நேர்ந்த மாற்றமாக இருக்கலாம் என்பது பலரின் ஊகம்.

"எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லையே"

அந்தக் கேள்விக்கு இரண்டு பதில்கள் உண்டு.

முதலாவது, பழுது பெண்கள் வழியே சத்தமில்லாமல் வந்திருக்கலாம். கேரியரான ஒரு பெண்ணுக்கு இரண்டு மகன்கள் பிறந்து இருவருமே நலமாக இருக்க நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. மகள்கள் மட்டும் பிறந்தால் எதுவுமே வெளியே தெரியாது. இப்படி மூன்று நான்கு தலைமுறைகள் கடந்துவிடலாம்.

இரண்டாவது, மாற்றம் புதிதாக ஏற்பட்டிருக்கலாம். இதன் அளவை மரபியலாளர் ஜே.பி.எஸ். ஹால்டேன் 1935இல் ஓர் எளிய தர்க்கத்தால் மதிப்பிட்டார். பெண்ணுக்கு இரண்டு எக்ஸ், ஆணுக்கு ஒன்று. எனவே மக்கள்தொகையில் உள்ள எல்லா எக்ஸ் குரோமோசோம்களிலும் மூன்றில் ஒரு பங்கு ஆண்களிடம் இருக்கிறது. நோயுள்ள ஆண்கள் பிள்ளை பெறும் வயதுக்கு முன்பே இறந்துவிட்டால், ஒவ்வொரு தலைமுறையிலும் பழுதான பிரதிகளில் மூன்றில் ஒரு பங்கு அழிந்துபோக வேண்டும். சில தலைமுறைகளில் நோயே மறைந்திருக்க வேண்டும். மறையவில்லை என்றால், அழிந்த அதே பங்கு புதிய மாற்றங்களால் நிரப்பப்படுகிறது. இன்றும் ஹீமோஃபிலியா நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குக் குடும்ப வரலாறு இருப்பதில்லை. ஆண் குழந்தைகளின் தசைகளைப் படிப்படியாகச் சிதைக்கும் டுஷேன் நோயிலும் இதே நிலைதான். அதற்குக் காரணமான டிஸ்ட்ரோஃபின் மரபணு 20 லட்சத்துக்கும் மேற்பட்ட எழுத்துகள் கொண்டது. அவ்வளவு நீளமான எழுத்தில் பிழை விழ இடமும் அதிகம்.

புதிய மாற்றம் யாரிடம் தோன்றியது என்பதில்தான் தாயின் மீதான பழி முற்றாக உடைகிறது. எட்டாம் உறைகாரணி இல்லாத கடுமையான ஹீமோஃபிலியா ஏ நோயாளிகளில் ஏறத்தாழ 45 சதவீதம் பேருக்குக் காரணம், மரபணுவின் ஒரு துண்டு தலைகீழாகத் திரும்பிவிடுவது. இது அநேகமாக எப்போதும் விந்தணு உருவாகும்போதே நடக்கிறது. பெண்ணின் இரண்டு எக்ஸ்களும் குன்றல் பிரிவின்போது (கருமுட்டையோ விந்தணுவோ உருவாக, குரோமோசோம் எண்ணிக்கை பாதியாகும் செல் பிரிவு) முழு நீளத்துக்கும் ஒன்றோடொன்று இணைகின்றன. ஆணின் ஒற்றை எக்ஸுக்கு அப்படி ஒரு துணை இல்லாததால் அதன் முனை தன் மேலேயே மடிந்து, தவறான இடத்தில் ஒட்டிக்கொள்கிறது. அந்த விந்தணுவிலிருந்து ஒரு மகள் பிறக்கிறாள், நலமாக வளர்கிறாள், அவளுடைய மகனிடம் நோய் முதன்முதலாகத் தெரிகிறது. நோய் 'தாய் வழி' வந்தது உண்மைதான். அது தொடங்கிய இடம் தாயின் தந்தை. அவருக்கும் அது தெரிந்திருக்க வழியில்லை, தடுத்திருக்கவும் வழியில்லை.

நோயாளியின் அக்கா கேட்கும் கேள்வி

ஒருவரின் தம்பிக்கு ஹீமோஃபிலியா. தாய் கேரியர் என்று உறுதியாகிவிட்டது. அக்காவுக்கு நலமான இரண்டு மகன்கள். "அப்படியானால் நான் கேரியர் இல்லை, அல்லவா?"

அவரைப் போல எட்டுப் பெண்களைக் கற்பனை செய்துகொள்வோம். நால்வர் கேரியர்கள், நால்வர் இல்லை. எல்லோருக்கும் இரண்டு மகன்கள். கேரியர்களான நால்வரில் சராசரியாக ஒருவருக்குத்தான் இரண்டு மகன்களும் நலமாக இருப்பார்கள். மற்ற நால்வருக்கும் எல்லா மகன்களும் நலம். ஆக, நலமான இரண்டு மகன்களைக் கொண்டவர்கள் ஐந்து பேர். அவர்களில் ஒருவர் கேரியர். அக்காவின் வாய்ப்பு 50இலிருந்து 20 சதவீதமாகக் குறைந்திருக்கிறது, பூஜ்யமாகவில்லை. மரபணுப் பரிசோதனை செய்துகொள்ள அது போதுமான காரணம்.

இதையொட்டி அடிக்கடி நேரும் இன்னொரு தவறு: "முதல் மகனுக்கு வந்துவிட்டது, பாதிக்குப் பாதி என்றால் இரண்டாவது மகனுக்கு வராது." ஒவ்வொரு கருவும் புதிதாகச் சுண்டப்படும் காசு. முன்னே விழுந்தது அதற்கு நினைவில் இல்லை.

பெண்களுக்கு வராது என்பது சரியா?

சரியில்லை. பல ஆண்டுகளாகப் பாடமாகவே சொல்லப்பட்ட இந்த வாக்கியத்தால் பெண்கள் துன்பப்பட்டிருக்கிறார்கள்.

பெண்ணின் இரண்டு எக்ஸ்களும் ஒவ்வொரு செல்லிலும் சேர்ந்து முழுமையாக இயங்குவதில்லை. கரு மிக இளமையாக இருக்கும்போதே ஒவ்வொரு செல்லும் இரண்டில் ஒரு எக்ஸை அடக்கி வைக்கிறது. தாயுடையதா தந்தையுடையதா என்பது தற்செயல். அந்தச் செல்லின் வழித்தோன்றல்கள் எல்லாம் அதே முடிவைப் பின்பற்றும். 1961இல் மரபியலாளர் மேரி லயன் முன்வைத்த கருத்து இது. ஆரஞ்சும் கறுப்பும் திட்டுத்திட்டாகக் கலந்த பூனையின் தோலில் இதை நேராகப் பார்க்கலாம். ஆரஞ்சு நிறத்தைத் தரும் மரபணு எக்ஸ் மேல் இருப்பதால், எந்தத் திட்டில் எந்த எக்ஸ் விழித்திருக்கிறதோ அந்த நிறம். இத்தகைய பூனைகள் ஏறத்தாழ எல்லாமே பெண் பூனைகள். அரிதாக ஆண் பூனையாக இருந்தால் அதற்குப் பெரும்பாலும் இரண்டு எக்ஸும் ஒரு ஒய்யும் இருக்கும்.

கேரியரான பெண்ணும் இப்படிப்பட்ட கலவைதான். உறைகாரணியைத் தயாரிக்கும் செல்களில் பாதி நல்ல எக்ஸைப் பயன்படுத்தினால் காரணியின் அளவு சராசரியாக 50 சதவீதம் இருக்கும். தற்செயல் ஒரு பக்கம் சாய்ந்து, பெரும்பாலான செல்களில் நல்ல எக்ஸ் அடங்கிப்போனால் அளவு வெகுவாகக் குறையும். அளவு 40 சதவீதத்துக்குக் கீழே உள்ள பெண்களை ஹீமோஃபிலியா உள்ளவர்களாகவே இப்போது வகைப்படுத்துகிறார்கள். மாதவிடாயின்போது கட்டுக்கடங்காத ரத்தப்போக்கு, பல் பிடுங்கிய பிறகு நிற்காத ரத்தம், பிரசவத்துக்குப் பின் அபாயமான இழப்பு ஆகியவற்றை "உடல்வாகு" என்று ஒதுக்கிவிடாமல் காரணி அளவைப் பார்க்க வேண்டும்.

நிறக்குருடு: ஆண்களுக்கு ஏன் இவ்வளவு அதிகம்?

சிவப்பு, பச்சை வேறுபாட்டை அறிவதில் குறை உள்ளவர்கள், வட ஐரோப்பிய வம்சாவளியினரில் ஆண்கள் ஏறத்தாழ 8 சதவீதம், பெண்கள் ஏறத்தாழ 0.5 சதவீதம். ஆணுக்கு ஒரு பிரதி பழுதானால் போதும்: 0.08. பெண்ணுக்கு இரண்டும் பழுதாக வேண்டும்: 0.08 × 0.08, அதாவது 0.0064. கணக்கும் கவனிப்பும் நெருங்கி வருகின்றன. கண்ணில் சிவப்பையும் பச்சையையும் அறியும் உணரிகளின் மரபணுக்கள் எக்ஸ் மேல் அடுத்தடுத்து, ஒன்றையொன்று உரித்துவைத்தாற்போல இருப்பதால் இணையும்போது தடம் மாறிவிடுகின்றன. இதுவே இக்குறை இவ்வளவு பரவலாக இருக்கக் காரணம். நீல உணரியின் மரபணு 7ஆம் குரோமோசோமில் உள்ளது. அந்தக் குறை மிக அரிது. வந்தால் இரு பாலருக்கும் சமமாக வரும்.

அடிக்கடி குழம்பும் சில இடங்கள்

1. ஆண்களிடம் அதிகம் தெரிவதெல்லாம் எக்ஸ் சார்ந்ததல்ல. வழுக்கையில் எக்ஸ் மேலுள்ள ஒரு மரபணுவுக்குப் பங்கு உண்டு. ஆனால் உடற்குரோமோசோம்களில் உள்ள பல மரபணுக்களும் ஹார்மோன்களும் சேர்ந்தே அதைத் தீர்மானிக்கின்றன. தாய்மாமனின் தலையை மட்டும் பார்த்து முடிவு சொல்ல முடியாது.

2. ஒய் சார்ந்த பண்பு தந்தையிடமிருந்து எல்லா மகன்களுக்கும் போகும். ஆணாக வளரத் தூண்டும் எஸ்.ஆர்.ஒய். மரபணு (1990இல் கண்டறியப்பட்டது), விந்தணு உற்பத்திக்கான சில மரபணுக்கள் தவிர இப்பட்டியல் மிகச் சிறியது.

3. எக்ஸ் சார்ந்த ஓங்கு பண்புகளும் உண்டு. பாஸ்பேட் குறைவால் எலும்பு மெலியும் ஒரு வகை ரிக்கட்ஸ் அப்படிப்பட்டது. பாதிப்புள்ள தந்தையின் எல்லா மகள்களுக்கும் அது வரும், எந்த மகனுக்கும் வராது.

4. பறவைகளில் கணக்கு தலைகீழ். அங்கே ஆணுக்கு இரண்டு இசட். பெண்ணுக்கு ஒரு இசட், ஒரு டபிள்யூ. மறைக்க முடியாத ஒற்றைப் பிரதி பெண் பறவையிடம் இருக்கும்.

நோய் கண்டறியப்பட்ட வீட்டில் செய்யவேண்டியது

ஒரு சிறுவனுக்கு எக்ஸ் சார்ந்த நோய் உறுதியானால், குடும்ப வரைபடத்தைத் தாயின் பக்கமாக வரைய வேண்டும். தாய், சிறுவனின் சகோதரிகள், தாயின் சகோதரிகள், அவர்களின் பிள்ளைகள் என்ற வரிசையில் தகவல் போய்ச் சேர வேண்டும். சித்தி கர்ப்பமாக இருந்தால் அது இன்னும் அவசரம். ஹீமோஃபிலியா இருக்கக்கூடிய ஆண் குழந்தையின் தலையில் கருவி வைத்து இழுத்தால் மூளையில் ரத்தக்கசிவு ஏற்படக்கூடும் என்பதால், பிரசவம் பார்ப்பவருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். வெட்கத்தாலோ பழிக்கு அஞ்சியோ ஒரு தாய் தன் தங்கையிடம் இதைச் சொல்லாமல் விட்டால் அந்த விலையை ஒரு பச்சிளம் குழந்தை கொடுக்க நேரிடும்.

2022இல் அமெரிக்காவில் ஹீமோஃபிலியா பி நோய்க்கு மரபணு சிகிச்சைக்கு ஒப்புதல் கிடைத்த பிறகு புதிய கேள்வி ஒன்று எழுந்திருக்கிறது: சிகிச்சை பெற்றவரின் பிள்ளைகளுக்கு இனி நோய் போகாதா? அந்தச் சிகிச்சை கல்லீரல் செல்களுக்கு ஒன்பதாம் காரணியின் நல்ல மரபணுவைக் கொண்டுசேர்க்கிறது. அவை காரணியைத் தயாரிக்கத் தொடங்குகின்றன. விந்தணுவில் உள்ள எக்ஸ் பழையபடியே இருக்கிறது. சிகிச்சை பெற்ற தந்தைக்கு ரத்தம் இயல்பாக உறைந்தாலும் அவருடைய மகள் கேரியராகவே பிறப்பாள். பருவமடைவதற்கு முன்பே, எந்த அறுவை சிகிச்சைக்கும் முன்பே, அவளுடைய காரணி அளவைப் பார்த்துக் குறித்து வைத்துவிட வேண்டும்.